பென்சில் மறைத்த நிறம்

மீட்டர்காரர் வெளுக்கத் தொடங்கியது அவருடைய இருபத்திரண்டாம் வருட வேலையில், ஒரு கோடையில், பின்கழுத்திலிருந்து. முதலில் கழுத்து, பிறகு முன்கைகள், பிறகு மூக்கு, நெற்றி என்று வெயில் படுகிற வரிசையிலேயே நிறம் போனது. கொடியில் மறந்து விட்டுவிட்ட சட்டை எப்படி வெளுக்குமோ அப்படித்தான், வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. எங்கள் பகுதியில் பதினோரு தெருக்கள் உண்டு, ஒழுங்காக நிழல் தருகிற மரம் ஒன்றுகூடக் கிடையாது. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு வரை வெயில்தான். இருபத்திரண்டு வருடம் தாங்கியதே பெரிது என்று அவர் மனைவி பின்னால் சொன்னாள். அவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், ஏனென்றால் வெளுத்த துணிக்குச் சாயம் போடுவது அவள் தொழில்.

தொழில் என்றால் பெரிய பட்டறை எல்லாம் இல்லை. வீட்டின் பின்பக்கத்தில் தகரக் கூரைக்கடியில் இரண்டு அடுப்பு, சமையலுக்கு இனி திரும்பவே முடியாத மூன்று பாத்திரங்கள், கிளறுவதற்கு ஒரு கட்டை. வெங்காயச் சருகு, மாதுளைத் தோல், தேயிலைத் தூள், துருப்பிடித்த ஆணிகள் ஊறிய வினிகர் எல்லாம் ஜாடிகளில் இருக்கும். எந்தத் துணியும் முதலில் படிகாரத் தண்ணீரில் ஊறியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் முதல் சலவையிலேயே சாயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். பருத்தி, பட்டு, கம்பளி என்றால் சாயக்காரி வாங்கிக்கொள்வாள். பாலியஸ்டர் என்றால் வாசலோடு சரி. “இது பிடிவாதம் பிடிச்ச துணிங்க. மனுஷங்க சொல்றதும் ஏறாது, சாயமும் ஏறாது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். வந்த துணியின் ஓர மடிப்பை நாலு தையல் பிரித்து உள்ளே பார்ப்பது அவள் வழக்கம். வெயிலும் சோப்பும் நுழையாத அந்த மடிப்புக்குள் பழைய நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை வைத்துத்தான் கலவை. ஒருமுறை பார்த்த நிறத்தை அவள் மறந்ததில்லை. எட்டு வருடத்துக்கு முன் கடிகாரக் கடைக்காரர் கொடுத்த சட்டை எந்தப் பச்சை என்று கேட்டால், பாசி பிடித்த தொட்டியில் தண்ணீருக்கு ஒரு விரற்கடை கீழே தெரிகிற பச்சை என்பாள். கடைக்காரருக்கே அது பச்சை என்பதுகூட ஞாபகம் இருக்காது.

மீட்டர்காரருக்கோ நிறம் எல்லாம் எட்டாத விஷயம். கருநீலத்தில் ஒரு காலுறையும் கறுப்பில் ஒரு காலுறையும் போட்டுக்கொண்டு தைரியமாக அலுவலகம் போய்வருவார். அவருக்கு எண்கள்தான். எந்த வீட்டில் எந்த மாதம் என்ன எண் என்பதைப் புத்தகத்தைத் திறக்காமல் சொல்வார். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் தப்பாக எழுதினார், அதுவும் வேலைக்குச் சேர்ந்த புதிதில். ஒரு வீட்டில் மீட்டர் அடுப்பங்கரைச் சுவரில் இருந்தது. அங்கே இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் முதல் சாயப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். இவர் முக்காலியில் ஏறி மீட்டரைப் பார்த்தார், கீழே பார்த்தார், ஒரு நூற்பாலைக்கே போதும் என்கிற மாதிரி ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போனார். அதைத் திருத்துகிறேன் என்று அதே வாரத்தில் மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை கூடவே அவர் அம்மாவும் வந்தார். கல்யாணப் பேச்சில் திருத்தம் மறந்தே போனது. அடுத்த மாதம் வேறு ஒருவர் வந்து சரியான எண்ணை எழுதிக்கொண்டு போனார். அந்த ஒரு மாதம் மட்டும் புத்தகத்தில் கடைசிவரை தப்பாகத்தான் இருந்தது.

வெளுத்த முதல் வருடம் எல்லோரும் பாராட்டினார்கள். “என்ன சார், நல்லா கலர் ஆயிட்டீங்க! என்ன சோப்பு போடறீங்க?” என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். அவரும் கொஞ்சம் பூரித்துப் போனார் என்பதை மறைப்பானேன். இரண்டாம் வருடம் பாராட்டு நின்றது. அவர் சுவரோரம் நின்றால் பின்னாலிருக்கும் நாள்காட்டியில் தேதி படிக்க முடிந்தது. நாய்கள் அவரைப் பார்த்துக் குரைப்பதை விட்டன. அவர் இன்னும் உள்ளே இருக்கும்போதே வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார்கள். அலுவலகத்தில் விரல் வைக்கும் இயந்திரம் அவர் விரலை ஏற்கவில்லை. மேலதிகாரி மருத்துவச் சான்று கேட்டார். மருத்துவர், நாடி சரியாக இருக்கிறது, ஆளைத்தான் காணவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாதக் கடைசிக்குள் கண்ணுக்குத் தெரிகிற நிலையில் நேரில் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்தது.

கடிதம் சாயக்காரிக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. நிறம் போன துணி இன்னும் ஒரு கோடை தாங்கும், அதற்கப்புறம் நூலே இற்றுப்போகும், பிடித்தால் கையோடு வரும். சாயம் போடுவதானால் இற்றுப்போவதற்கு முன்னால் போட வேண்டும். பங்குனி வெயில் வாசல்வரை வந்துவிட்டது. அவருடைய முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். பழைய தலையணை உறை மாதிரி நைந்து இருந்தது. அன்று அவள் எந்தத் துணியையும் நனைக்கவில்லை.

“இவ்வளவு பேர் துணியை முக்கி எடுக்கற, என்னையும் ஒரு தடவை முக்கித்தான் பாரேன்” என்றார் அவர், பாதி விளையாட்டாக.

“நானும் அதைத்தான் யோசிக்கிறேன். எந்த நிறத்துல முக்கறது?”

“நான் இருந்த நிறத்துல.”

அவள் ஜாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, “மாநிறம்” என்றாள்.

“மாநிறம்னா? ஒருத்தர் நீலம்னு சொன்னா எந்த நீலம், எந்த நீலம்னு நாலு தடவை கேப்பியே. கடிகாரக்காரன் சட்டை ஞாபகம் இருக்கு. என்னை ஞாபகம் இல்லையா?”

அவளுக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு கண்ணை மூடி யோசித்தாலும் அவர் போட்டிருந்த சட்டைகள்தான் வரிசையாக வந்தன, சட்டைக்குள் இருந்த ஆள் வரவில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு, அழுகையும் வந்தது. கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தாள். போட்டோக்காரர் மாப்பிள்ளை, பெண், சொந்தபந்தம், பின்னாலிருந்த தூண் எல்லோருக்கும் ஒரே ரோஜா நிறத்தை அடித்து வைத்திருந்தார். அலுவலக அடையாள அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்து அவரோடு சேர்ந்து வெளுத்திருந்தது. மீட்டர்காரர் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலையில் அவரை முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஓர மடிப்பைத் தேடுகிற மாதிரி தேடினாள். கைக்கடிகாரத்தின் அடியில் பார்த்தாள், வெயில் உடம்பை ஊடுருவி அங்கேயும் போயிருந்தது. விரலிடுக்கு, முழங்கால் மடிப்பு, உள்ளங்கால் எங்கேயும் இல்லை. உள்ளங்காலில் அவருக்குக் கூச்சம் எடுத்ததுதான் மிச்சம். கடைசியில் வலது காதில் எப்போதும் செருகியிருக்கும் பென்சிலை உருவினாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எண் எழுதிய நேரம் போக மீதி நேரமெல்லாம் அங்கே ஒரு பென்சில் இருந்திருக்கிறது. காதுக்குப் பின்னால், பென்சில் நீளத்துக்கு, பென்சில் அகலத்துக்கு, ஒரே ஒரு கோடு அவருடைய சொந்த நிறத்தில் இருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். “என்ன, இருக்கா?” என்றார் அவர். “இருக்கு, ஆடாதீங்க” என்றாள்.

வெங்காயச் சருகு, தேயிலை, அதன்மேல் ஆணித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக. நாற்பது துண்டுத் துணிகளில் பிடித்துப் பார்த்து நாற்பத்தொன்றாவது கோட்டோடு ஒத்துப்போனது. ஒரு பகல் முழுக்க அவரைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, அடுத்த நாள் தண்ணீர் ஊற்றி வைக்கிற பெரிய தொட்டியில் கை பொறுக்கிற சூட்டில் இறக்கினாள். “திரும்பித் திரும்பிப் படுங்க, ஒரே பக்கமா கெடந்தா திட்டுத் திட்டா பிடிக்கும்” என்று கட்டையை வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாலு மணி நேரத்தில் கோடு எது, உடம்பு எது என்று தெரியாத அளவுக்கு நிறம் ஏறியது. அவர் முகம் தெரிந்ததும் அவள் அவசரப்பட்டுவிட்டாள். போதும் போதும் என்று எழுப்பிவிட்டாள். ஈரத்தில் பார்க்கிற நிறம் காய்ந்தால் ஒரு பங்கு குறையும், அதனால் வேண்டியதைவிடக் கருப்பாக எடு என்று தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். நிழலில் காய்ந்து முடித்தபோது மீட்டர்காரர் தன் சொந்தக் கோட்டைவிட ஒரு பங்கு வெளுப்பாக இருந்தார். முன்பொரு வயிற்று அறுவைச் சிகிச்சையின்போது போட்ட பாலியஸ்டர் தையல் ஏழும் சாயம் பிடிக்காமல் வெள்ளையாகவே நின்றன. அலுவலகத்தில் வயிற்றையெல்லாம் பார்க்கவில்லை. இயந்திரம் விரலை ஏற்றுக்கொண்டது, நாய்கள் குரைத்தன.

விஷயம் பரவி, பதினோரு தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிவப்பாக வேண்டும் என்று கேட்டவர்கள். “வெளுத்ததைக் கருக்கத்தான் முடியும். கருத்ததை வெளுக்க வெயில்ல போய் நில்லுங்க, எங்க வீட்டுக்காரர் நின்ன மாதிரி” என்றாள் சாயக்காரி. வரிசை கலைந்தது. வருடா வருடம் கோடைக்கு முன்னால் அவர் ஒரு முறை தொட்டியில் இறங்குவார். ஊர் அதை வெள்ளையடிப்பது மாதிரி ஒரு வேலையாக எடுத்துக்கொண்டது. ஞாபகம் இல்லையா என்று கேட்டதைப் பற்றி இருவரும் அதற்கப்புறம் பேசியதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று அவள் நினைக்கவில்லை, எதையும் மறக்கிற ஆள் இல்லை அவர்.

பத்து வருடம் போயிற்று. மீட்டர்காரர் ஓய்வு பெற்றார், பென்சில் மட்டும் காதில் இருந்தது. சாயக்காரி வெளுத்திருப்பது தெரிந்தது அப்போதுதான். வெளுத்தது வெயிலில் இல்லை, தண்ணீரில். ஆரம்பத்திலிருந்தே துணி அலசி ஊற்றிய தண்ணீரோடு அவள் நிறமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்குப் போயிருந்தது. முழங்கைவரை பழைய சாயங்கள் ஏறிக் கிடந்ததால் கைகள் மட்டும் தெரிந்தன. இரண்டு கைகள் தனியாகக் கட்டையைப் பிடித்துக் கிளறுவதைப் பார்த்துப் பால்காரர் செம்பை வைத்துவிட்டுப் பேசாமல் போனார். மீட்டர்காரர் மனைவியின் காதுக்குப் பின்னால் தேடினார், வளையலுக்கு அடியில் தேடினார். ஒரு நூல் அளவுகூட மிச்சம் இல்லை. தோளைத் தொட்டால் நூல் பிரிகிற மாதிரி இருந்தது.

“மாதிரித் துண்டு இல்லாம கலக்காதீங்க. உங்களுக்குக் கறுப்பு எது, நீலம் எதுன்னே தெரியாது. தப்பா ஏறிட்டா எடுக்க முடியாது” என்றாள் அவள், குரல் மட்டும்.

“எனக்குத் துண்டு வேண்டாம்” என்றார் அவர். “நீ ஊறு.”

அவள் ஊறினாள். அவர் வெங்காயச் சருகை அளக்காமல் அள்ளிப் போட்டார். தேயிலை, மாதுளைத் தோல், ஆணித் தண்ணீர் இரண்டு ஜாடி. எந்தத் துணியிலும் பிடித்துப் பார்க்கவில்லை. வேண்டியதைவிடக் கருப்பாக வரும்வரை கட்டையோடு தொட்டியைச் சுற்றி வந்தார், அவள் போதும் என்றபோதும் நிறுத்தவில்லை. பிறகு தகரக் கூரையின் நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வந்து பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். சாயக்காரி இவ்வளவு கறுப்பு இல்லையே, மனுஷன் ஒரேயடியாக ஏற்றிவிட்டாரே என்றார்கள். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. நாங்கள் அவளை வெளுக்க ஆரம்பித்த பிறகுதான் பார்த்திருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் அவள் தங்கை பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வாசலில் பையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா” என்றாள். “அத்தான் முதல்முதல்ல மீட்டர் பாக்க வந்த அன்னிக்கு நீ இப்படித்தான் இருந்த. இதே நிறம்.”

சாயக்காரி தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கப் போனவளின் கையை மீட்டர்காரர் பிடித்துக்கொண்டார். “இன்னும் காயல, தேய்க்காத” என்றார். அப்புறம் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அவள் பிறந்த வீட்டு அடுப்பங்கரையில் அன்று மீட்டர் காட்டிய சரியான எண்ணைச் சுவரில் எழுதினார். நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு. சரிபார்க்கப் பழைய புத்தகம் இப்போது அலுவலகத்தில் இல்லை, இருந்தாலும் அதில் தப்பாகத்தான் இருக்கும். அது சரிதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தங்கை அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள், எந்தப் பாத்திரம் சமையலுக்கு, எது சாயத்துக்கு என்று உள்ளேயிருந்து கேட்டாள்.