டிரக் மூழ்கிய இடம்

அந்த ஆறு ஆம்ப்ரோஸுக்குச் சொந்தம் என்று ஆம்ப்ரோஸைத் தவிர யாரும் நினைத்ததில்லை. ஆற்றோரம், கனடாவின் பழங்குடிகளான தங்கள் மிக்மாக் மக்கள் வைத்த பெயர்களைப் பலகையில் எழுதி நடும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஒவ்வொரு வளைவுக்கும் பழைய பெயர் என்னவென்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, சொன்னவர்களுக்கே அதை விளக்கிவிட்டும் வந்தவர். விசேஷங்களுக்குப் போடும், ரிப்பன் தைத்த மரபுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடங்களில் பேசுவார்.

"ஒரு வெள்ளைக்காரன் வந்தான், ரெண்டு கோடை பன்னி மேய்ச்சான், தன் பேரை அந்த முனைக்கு வெச்சுட்டுப் போயிட்டான். நாம அப்படி இல்ல. விலாங்கு குத்துற இடம், தோணி தூக்குற இடம். அங்க என்ன நடக்குதோ அதான் பேரு. ஆளுக்கு அதுல இடமில்ல."

கைதட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை விரித்து, பன்றிக்காரனின் பெயர் அச்சாகியிருக்கும் இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மணல்திட்டாவது, ஒரு ஓடையாவது தன்னை நினைக்க வேண்டும். இந்த ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி ஃபிலோமீனுக்கு மட்டும், சொல்லாமலே தெரியும்.

ஆசையே படாத ஒருவனுக்கு அது கிடைத்ததுதான் கொடுமை. ஃபிலோமீனின் தம்பி சூலியன், சில வருடங்களுக்கு முன், ஆறு சரியாக உறைவதற்குள், எல்லோரும் வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல் டிரக்கோடு பனிக்கட்டிமேல் விலாங்கு குத்தப் போனான். டிரக் உள்ளே போயிற்று. சூலியன் ஈட்டியோடும், ஈட்டியில் துடிக்கும் விலாங்கோடும் கரையேறினான். அன்றிலிருந்து அந்த வளைவு 'டிரக் மூழ்கிய இடம்'. அவர்கள் மொழியில் அது ஒரே சொல். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிடும். பாதிரியார் சொன்னார், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் சொன்னார், சூலியனும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

குழுக் கூட்டத்தில், விலாங்கு பிடிக்கும் லாட்டி கேட்டாள்: "அந்த வளைவுக்கும் ஒரு பலகை போட்ருவோமா?"

"அது பழைய பேரு இல்ல," என்றார் ஆம்ப்ரோஸ்.

"எல்லாப் பேரும் ஒருநாள் புதுசாத்தான இருந்திருக்கும்?"

"தனி ஆளைப் பெருமைப்படுத்தக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அதுல ஆளு எங்க இருக்கு ஆம்ப்ரோஸ்? டிரக்குதான இருக்கு!"

விதியை எழுதியவர் அவரே. கைகள் உயர்ந்தன. தேநீர் ஊற்ற வந்த ஃபிலோமீன், உறுப்பினராக இல்லாவிட்டாலும், கெட்டிலை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

அதன்பின் ஆம்ப்ரோஸுக்கு மூஸ் மான் இறைச்சிகூட ருசிக்கவில்லை. மூழ்குவதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்? டிரக் தன்னிடமும்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் கரையில் நிற்கும் நேரமாகப் பார்த்து, அவர் ஆற்றின்மேல் வண்டியை இறக்கினார். சீட் பெல்ட் போடவில்லை. கதவைச் சரியாகச் சாத்தவில்லை. வெளியே இழுக்கும்போது தெரியட்டும் என்று கோட்டுக்குள் ரிப்பன் சட்டை. நடு ஆறு வரை போனார். வட்டமடித்தார். பிரேக்கை ஓங்கி மிதித்தார். அந்த வருடக் குளிருக்குப் பனிக்கட்டி பாறையாகியிருந்தது. ஒரு முனகல்கூட அதனிடமிருந்து வரவில்லை.

"ஆம்ப்ரோஸே போறார்னா பயமே இல்லப்பா," என்றது கரை. கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றி ஊர் டிரக்குகள் வரிசையாக நின்றன. சூலியன் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"நல்ல காரியம் பண்ணினே மச்சான். நீ போனா அது ரோடு மாதிரிதான்!"

அன்று மாலை முதல் அவர் எதிர்க்கரையில், ஸ்ப்ரூஸ் மரங்களுக்குக் கீழே, டிரக்கை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பது வழக்கமாயிற்று. பனி உருகியது, எதிரே சூலியனின் வளைவில் பலகை நடப்பட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கையாட்டினாலும் திருப்பி ஆட்டுவதில்லை.

மே மாதம் பெட்ரோல் பங்கில் லாட்டி யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். "பாலத்தைத் தாண்டு. அவர் உம்முன்னு உட்கார்ற இடம் வரும்ல? அங்க தோணியை இறக்கு."

ஆம்ப்ரோஸ் பெட்ரோல் போடாமலே வீட்டுக்கு ஓடினார்.

"என்னையா சொல்றாங்க?"

"ஈஸ்டர்லேர்ந்து சொல்றாங்க," என்றாள் ஃபிலோமீன், ரொட்டி மாவைப் பிசைந்தபடி. "குழந்தைங்ககூட."

"என் பேரே அதுல இல்லையே!"

"விதி யாரு எழுதினது?"

"நூறு வருஷம் கழிச்சு அது யாருன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது மனுஷா. அதுதான் உனக்கு நல்லது."

மறுநாள் மாலை சீக்கிரமே கிளம்பினார். ஸ்ப்ரூஸ் மரங்களுக்குக் கீழே ஏற்கெனவே ஒரு டிரக் நின்றது. உள்ளே சூலியன், காப்பியும் கையுமாக.

"இங்க என்னடா பண்றே?"

"சும்மாதான் மச்சான். என் பலகை இங்கிருந்து நல்லாத் தெரியுது."

"உனக்குன்னு ஒரு இடம் இருக்குல்ல? அங்க போய் உக்காரு."

"அங்க எப்படி உக்கார்றது? அது தண்ணிக்குள்ள இருக்கு."

ஆம்ப்ரோஸ் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. சூலியன் காதைப் பொத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனான். ஆம்ப்ரோஸ் அதே தடத்தில் டிரக்கை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். பாலத்தின்மேல் லாட்டியின் வண்டி வருவது தெரிந்தது. அவசரமாக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். மனசு குளிர்ந்திருந்ததால் அது லேசில் வரவில்லை.