எழுதித் தராத கிணறு

பொய்ச் சத்தியம் செய்யப் போகிறவனுக்குக் காலையில் தேத்தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உவைஸ் இரண்டு கோப்பை குடித்தான். சீனி காணாது என்று மனைவியிடம் குறையும் சொன்னான்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மண்கும்பான் பள்ளிவாசல் விறாந்தையில் நின்று, தன் வாப்பா கிணற்றைப் பக்கத்துக் காணிக்காரர் நாகமுத்துவுக்குக் கொடுக்கவில்லை என்று அல்லாஹ்வின் பேரால் அவன் சொல்ல வேண்டும். சொன்னால் கிணறு அவனுக்கு. சொல்லாவிட்டால் நாகமுத்துவுக்கு. இதில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். வாப்பா கொடுத்தார். பக்கத்தில் நின்று தன் காதால் கேட்டவன் உவைஸ்.

தொண்ணூறில், சண்டைக் காலத்தில், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்த அன்று அவனுக்கு எட்டு வயது. உம்மா கைப்பிள்ளையோடு படலையடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். வாப்பா மட்டும் காணி மூலையில் இருந்த கிணற்றடிக்குப் போனார். நாகமுத்துவின் கையைப் பிடித்து, திரும்பி வருவோமோ தெரியாது, இறைக்காமல் விட்டால் கிணறு செத்துப்போகும், இனி இது உன்னுடையது என்றார். உவைஸ் வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில், தண்ணீருக்கு வரிசை, வாப்பாவின் மௌத்து, உம்மாவும் கண்மூடியது. சண்டை ஓய்ந்து பெண்சாதி பிள்ளைகளோடு அவன் ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடில்லை, கதவில்லை, யன்னலில்லை, நிலைகளைக்கூட யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். யாரைப் போய்க் கேட்பது? புதுக் கிணறு வெட்டினான். அது உவராகிப் போனது. ஆனால் மூலையில், நாகமுத்து தூரெடுத்து, இடிந்த கட்டைத் திருப்பிக் கட்டி, மோட்டர் பூட்டி, தன் வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்த கிணற்றில் தண்ணீர் தித்தித்தது.

நாகமுத்து தண்ணீர் மறுத்த மனிதரல்ல. "எவ்வளவும் அள்ளும், தம்பி," என்றார். உவைஸுக்கு அந்த 'அள்ளும்'தான் சுட்டது. சொந்த வாப்பாவின் கிணற்றில் பிறத்தியானைப்போல அள்ளுவதா? எல்லாம் போனது, இதுவாவது திரும்பி வரட்டும் என்று நினைத்தான், கிணற்றைத் திருப்பிக் கேட்டான். அநியாயம் நடந்தது அவனுக்குத்தான், அதில் பொய் ஒரு துளியும் இல்லை. அதனால்தான் பாவம் அவன் வீட்டுக்கு வந்தபோது பாவம் மாதிரித் தெரியவில்லை, நியாயம் மாதிரித் தெரிந்தது. அப்படி வருகிற பாவத்துக்குக் கதவு திறக்காதவர்கள் மிகக் குறைவு.

முதலில் நாகமுத்து, "வாப்பா தந்தது உமக்கு ஞாபகமில்லையோ?" என்று கேட்டபோது, "நான் சின்னப்பிள்ளை, ஞாபகமில்லை" என்றான். அடுத்த தடவை, "வாப்பா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டார்" என்றான். மத்தியஸ்த சபையில் ஆட்களுக்கு முன்னால், "வாப்பா தரேல்லை" என்றான். முதற் பொய்க்கு நாக்குத் தடக்கியது. மூன்றாவதற்குத் தடக்கவேயில்லை, அதைக் கண்டு அவனே கொஞ்சம் பயந்தான்.

காணி உறுதி வாப்பாவின் பெயரில், ஆண்டு அனுபவிப்பது நாகமுத்து. சபையில் இருந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அப்போதுதான் நாகமுத்து எழும்பினார். "தம்பி தங்கட பள்ளியிலை நிண்டு, ஆண்டவன்ர பேரைச் சொல்லி, தகப்பன் தரேல்லை எண்டு சொல்லட்டும். நான் மோட்டரைக் கழட்டிக்கொண்டு போறன். கோடு வழக்கு ஒண்டும் வேண்டாம்." எல்லாரும் உவைஸைப் பார்த்தார்கள். அவன் கோபத்தில், "வாற வெள்ளிக்கிழமை சொல்லுறன்" என்றுவிட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதியில்லை. பள்ளியில் ஆட்கள் பார்க்கும்போது அவன் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூது நீண்டுகொண்டே போனது, வீட்டில் சுபஹ் தொழுகை தவறியது. ஓதிக்கொண்டிருக்கும்போது நடுவில் எந்த வசனம் என்று தெரியாமல் நிற்பான். மகள் ஒரு கோப்பையை உடைத்துவிட்டுப் பூனை உடைத்தது என்றாள். "பொய் சொல்லுவியோ?" என்று கையை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை. பிள்ளை ஏன் அடிக்கவில்லை என்று விளங்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழன் பின்னேரம் ஜெஸீமா, அவன் மனைவி, சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "வாப்பா உண்மையா ஒண்டும் சொல்லேல்லைதானே?"

"இல்லை."

"அப்ப ஏன் பயப்படுறீங்க? உண்மையைச் சொல்லப் போறவருக்கு என்ன பயம்?"

அவளுக்கு அவன்மேல் சந்தேகமே இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் சண்டை பிடித்தாவது தப்பியிருப்பான்.

பொய்ச் சத்தியம் பெரும்பாவம் என்பது அவனுக்குத் தெரியும். சத்தியம் செய்தவனை அது பாவத்துக்குள்ளேயே முழுக்கிவிடும் என்று புத்தளத்து மதரசாவில் படித்தவன். பயமும் இருந்தது, கிணற்றை விடவும் மனமில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான், வெள்ளி காலை உவர்த் தண்ணீரில் குளித்துக்கொண்டு நின்றபோது, அவனுக்கு அந்தச் சொல் வந்தது. எழுதித் தரவில்லை. வாப்பா எழுதித் தரவில்லை. முழு உண்மை. வாயால்தானே தந்தார்? "என் வாப்பா இந்தக் கிணத்தை எழுதித் தரேல்லை" என்று சத்தியம் பண்ணினால் பாவக் கணக்கு எழுதும் எந்த மலக்கு என்ன எழுத முடியும்?

ஷைத்தான் வழக்காடுவதில் நல்ல அப்புக்காத்து. கட்சிக்காரன் கேட்பதற்கு முன்னமே வழி சொல்லிக் கொடுப்பான். கேட்கிறவன் எதை விளங்கிக்கொள்கிறானோ அதன்படிதான் சத்தியம் என்று அதே மதரசாவில் சொல்லித் தந்ததும் உவைஸுக்கு நினைவில் இருந்தது. அதை நினைக்காமலிருக்க இன்னும் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினான். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு கோப்பைத் தேத்தண்ணீர்.

பள்ளியில் குத்பாப் பிரசங்கம் பொய்யைப் பற்றி இருக்குமோ என்று பயந்தான். அது தெருவில் குப்பை போடுவதைப் பற்றி இருந்தது. அவனுக்கு ஆறுதலாக இருந்தது, ஆறுதலாக இருந்ததை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. தொழுகை முடிந்ததும் பாவத்திலிருந்து காப்பாற்று என்று துஆக் கேட்டான். கேட்டுக்கொண்டே 'எழுதித் தரேல்லை'யை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

நாகமுத்து வெளியே காத்திருந்தார். முழுகி, வெள்ளை வேட்டி உடுத்து, நீறு பூசி, கோயிலுக்கு வருகிறவரைப்போல வந்திருந்தார். செருப்பைத் தூரக் கழற்றிவிட்டு விறாந்தை ஓரத்தில், உள்ளே வரலாமோ கூடாதோ என்று தெரியாமல் நின்றார். மௌலவி அவரை மேலே கூப்பிட்டார். தொழ வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் போகாமல் நின்றார்கள்.

"உவைஸ், யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் மௌலவி. "இது சின்ன விசயமில்லை."

உவைஸ் நாகமுத்துவுக்கு எதிரே வந்து நின்றான். வாயைத் திறந்தான்.

"வல்லாஹி," என்றான். அல்லாஹ்மீது சத்தியமாக.

அடுத்த சொல் வருவதற்குள் நாகமுத்து கையை உயர்த்தினார்.

"போதும், தம்பி."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆண்டவன்ர பேரைச் சொல்லிப்போட்டீர். அந்தப் பேரைச் சொல்லிப்போட்டு நீர் பொய் சொல்ல மாட்டீர். அந்தத் தகப்பன்ர பிள்ளையெல்லே. எனக்குத்தான் பிழையா விளங்கியிருக்கும். அண்டைக்கு அந்த அமளிக்குள்ளை என்ன கேட்டனோ." அவர் உயர்த்திய கையை இறக்கினார். "பின்னேரம் மோட்டரைக் கழட்டுறன்."

திரும்பி விறாந்தையை விட்டு இறங்கினார்.

மௌலவி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விட்டார். யாரோ உவைஸின் தோளில் கை வைத்தார்கள். கிணறு அவனுடையதாகிவிட்டது. அதுவும் எப்படி? சத்தியத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாமல். 'எழுதித் தரேல்லை' என்ற தந்திரம்கூடத் தேவைப்படவில்லை. அவன் சொன்னது அல்லாஹ்வின் பெயரை மட்டும். இனி ஒன்றும் செய்யவேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆளைக் கவிழ்ப்பதற்கு இதைவிடச் சுகமான இடம் ஷைத்தானுக்குக்கூடக் கிடைக்காது.

நாகமுத்து குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். முதலில் வேறு யாருடையதையோ போட்டார், பிறகு கழற்றினார். கண் சரியாகத் தெரியவில்லைப் போலும். தான் கேட்டதையே கேட்கவில்லை என்று அந்த மனிதரை நம்பவைத்துவிட்டோம் என்பது உவைஸுக்கு அப்போதுதான் உறைத்தது. கிணற்றை எடுத்தது போதாதென்று வாப்பா பேசிய பேச்சையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டான். இப்போது பேசாமல் நின்றால் பின்னேரம் பேச மாட்டான், நாளைக்கும் மாட்டான், கபுறுக்குப் போகும்வரை மாட்டான் என்று தெரிந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நியாயம் கிடைக்கும். இதுவரை கிடைத்தது போலவே.

"வல்லாஹி," என்றான் மறுபடி. சத்தம் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "வல்லாஹி, என்ர வாப்பா அந்தக் கிணத்தைத் தந்தவர். ஹலாலாக்கிட்டன் எண்டு சொல்லித் தந்தவர். நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான்."

தோளில் இருந்த கை விலகியது. வாசலில் நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். இந்தச் செய்தி அவன் வீட்டுக்குப் போகுமுன் ஜெஸீமாவின் காதுக்குப் போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

நாகமுத்து ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"ஓம். அந்தச் சொல்லுத்தான்," என்றார் மெல்ல. "அலாலாக்கிட்டன் எண்டவர். ஆடு அறுக்கிற சொல்லெல்லே அது, கிணத்துக்கு ஏன் சொல்லுறார் எண்டு எனக்கு விளங்கேல்லை. சபையிலை சொன்னால் சிரிப்பினம் எண்டு விட்டிட்டன். அதுக்கு என்ன அர்த்தம்?"

"மனம் பொருந்தித் தந்திட்டன், மறுமையிலை அல்லாஹ்வுக்கு முன்னாலயும் உங்களிட்டைத் திருப்பிக் கேக்க மாட்டன் எண்டு அர்த்தம்."

நாகமுத்து மேலே நின்ற உவைஸை அண்ணாந்து பார்த்தார்.

"தகப்பன் அங்கை போயும் கேக்க மாட்டன் எண்டிருக்கிறார். நீர் இஞ்சை வைச்சே கேட்டுப்போட்டீர்."

உவைஸ் படியால் இறங்கி அவருக்கு முன்னால் வந்து நின்றான். அல்லாஹ்விடம் அவன் தனியாக மன்றாடிக்கொள்ளலாம். ஆனால் மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னித்து விட வேண்டும். அதைச் சுற்றிப்போக ஒரு வழியும் மதரசாவில் சொல்லித் தரவில்லை.

"நான் உங்களுக்குச் செய்ததை எனக்கு ஹலாலாக்குவீங்களோ, அண்ணை?"

நாகமுத்து மற்றச் செருப்பையும் போட்டுக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்தார். அவனை நேராகப் பார்த்தார்.

"தண்ணிக்கு வழமைபோல வாரும்," என்றார். "மற்றதுக்கு எனக்கு இப்ப ஏலாது."

சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனார்.