வாய்விட்டு எண்ணாதவர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதுவதே பயிற்சியிலிருந்து தப்பிக்கத்தான். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் கிடக்கிறேன். காலையும் மாலையும் காலை மடக்கி நீட்ட வேண்டும். (வார்த்தை விளையாட்டு இல்லை. வலியில் இருப்பவனுக்கு அதெல்லாம் வராது.) மனைவி எட்டிப் பார்த்தால், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறேன்.

கதை கிடைத்தது மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில். பக்கத்துக் கட்டிலில் டைல்ஸ் போடும் தொழிலாளி ஒருவர். ஈர சிமெண்டில் மண்டியிட்டே மூட்டுத் தேய்ந்து, செயற்கை மூட்டு வைத்தவர். பயிற்சி கொடுக்கும் பெண் எங்களுக்கெல்லாம் அவரைத்தான் காட்டுவாள். ஒரு நாள் தவறாமல் வருகிறாரே, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்கிறாரா என்பாள். அவளுக்கு அவரிடம் ஒரே ஒரு குறை. நாங்கள் எல்லோரும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே மடக்குவோம். அவர் மட்டும் பல்லைக் கடித்தபடி, எண்ணாமல் மடக்குவார்.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'அவர் இரும்பு மனிதர். வலி அவரிடம் தோற்றுப்போய்—'

அடித்துவிட்டேன். அவர் முகத்தை அருகில் பார்த்தவன் அப்படி எழுத மாட்டான்.

பிறகு: 'மனைவியை இழந்த துக்கத்தை மறக்க அவர் தன்னை—'

இதுவும் தேறவில்லை. மனைவி போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன என்பது உண்மை. ஆனால் அவர் எதையும் மறக்கிற ஆளாகத் தெரியவில்லை. எதையோ மறந்துவிடக் கூடாது என்று செய்கிறவர்போல இருந்தார்.

3.

அவருடைய மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அப்பாவை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருப்பாள். என் முறை வரும்வரை நானும் அதே பெஞ்சில்தான். கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் என்னிடம் பேச ஆரம்பித்தாள். (கதை எழுதுகிறவனிடம் ஏன் எல்லோரும் ரகசியத்தைச் சொல்கிறார்கள்? சொல்லக் கூடாத ஆள் அவன்தான்.)

அம்மா சமையலறையில் விழுந்திருக்கிறாள். தலைக்குள் ரத்தக்கசிவு. மகள் கடையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று மருத்துவர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார். அவளோ, விழுந்த நொடியிலேயே உயிர் போய்விட்டதாக அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"அப்பாவுக்கு இது தெரியவே கூடாது சார். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. நல்லவேளை, அவரு அப்ப நல்லாத் தூங்கிட்டு இருந்தாரு."

4.

ஒரு மழை நாளில், மகள் வண்டி பிடிக்கப் போயிருந்தபோது, ஏன் எண்ணுவதில்லை என்று அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்காவிட்டால் கதை இல்லை.

சிகிச்சை முடிந்த புதிதில் மனைவிதான் காலைப் பிடித்து மடக்கிவிடுவாளாம். வலியில் அவர் அவளைத் திட்டாத திட்டு இல்லை. பிறகு அடுப்பு வேலையும் பார்க்க வேண்டியிருந்ததால், நீங்களே செய்யுங்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி எண்ணுங்கள் என்றிருக்கிறாள். அவர் காலைத் தலையணைமேல் நீட்டிப் போட்டுக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி சும்மா எண்ணியிருக்கிறார். முடித்ததும் அங்கிருந்து "போதும்" என்பாளாம். தினமும் இதே கதை.

அன்றைக்கும் எண்ணிக்கொண்டிருந்தார். ஏதோ விழும் சத்தம். பாத்திரம் என்று நினைத்தார். "ஏங்க" என்றாள். ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார்க்கிறாளாக்கும் என்று குரலை உயர்த்தி எண்ணினார். மறுபடியும் "ஏங்க". இந்தத் தடவை மெல்ல. இன்னும் சத்தமாக எண்ணினார்.

எண்ணி முடித்தார். "போதும்" வரவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தால் மடக்காமலே வைத்திருந்த கால் மடங்கவில்லை. கீழே விழுந்து, தரையில் தேய்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"தூங்கிட்டேன்னு பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அம்மா உடனே போயிட்டாங்கன்னு அவ சொல்றா. உடனே போனவ எப்படி சார் ரெண்டு தடவை கூப்பிடுவா?"

அவர் குதிகாலை இழுத்து முழங்காலை மடக்கிக் காட்டினார்.

"இப்ப நல்லா மடங்குது. இப்பக் கூப்பிட்டா ஓடிருவேன்."

5.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி அழுது பாரம் இறக்குகிறார்கள். பாதியில் மகள் கேட்டாள்: "அம்மா கூப்பிட்டப்ப நீங்க என்னப்பா செஞ்சுட்டு இருந்தீங்க?" அந்தக் கேள்வியை நான் யோசித்து எழுதவில்லை, தானாக வந்து விழுந்தது. அவர் வாயில் வைக்க என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அந்த முடிவைக் கிழித்துப் போட்டேன்.

இன்னொரு முடிவு நிஜத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மீறிச் செய்து மூட்டு வீங்கிவிட்டது. குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் பயிற்சி கொடுப்பவள். அவர் கேட்பதில்லை. இதை முடிவு என்று எப்படிச் சொல்வது? இது நாளைக்கும் நடக்கும்.

மகள் இந்தக் கதையைப் படிக்கத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மூன்றாவது பகுதியோடு நிறுத்தி ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அவள் நிறையப் படிக்கிறவள். கதை அங்கே நிற்காது என்று அவளுக்குத் தெரியும். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்புறம் சார்?" என்பாள்.

மற்ற இரண்டு பகுதிகளும் உங்களிடம்தான் இருக்கின்றன. பெஞ்சில் என் இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். உள்ளே அவர் காலை மடக்க மடக்கக் கட்டில் கிறீச்சிடுவது கேட்கும். அவள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.