அரை வரி

எங்கள் ஊரில் சர்க்காருக்கு வரி கட்டாதவன் உண்டு. காளியம்மனுக்கு வரி கட்டாதவன் கிடையாது. கல்யாணமானவன் ஒரு தலைக்கட்டு, அவனுக்கு முழு வரி. சம்பாதிக்கிற இளவட்டத்துக்கு அரை வரி. படிக்கிற பையன் அப்பன் வரியில் அடக்கம். புருஷனை இழந்தவளிடம் மட்டும் வாங்குவதில்லை. அதைப் பெரிய இரக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

பங்குனிப் பொங்கலுக்கு வரி பிரிக்க வந்த பெத்தணன், கருப்பம்மாள் வாசலைத் தாண்டிப் போனார். அவள் அப்போதுதான் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கியிருந்தாள். வரிப்பணம் முந்தானை முடிச்சில் தயாராக இருந்தது.

"அண்ணே, எங்க வீட்ட விட்டுட்டுப் போறீகளே!"

"ஒனக்கு வரி இல்லத்தா. அதான் அவரு போயிட்டாருல்ல."

"மகன் இருக்கான்லண்ணே."

"புகழேந்தி காலேஜில்ல படிக்கான்? படிக்கிற பய அப்பன் வரியில அடக்கம்."

"அப்பனே அடக்கமாயிட்டாரு. பெறகு இவன் எங்கன போய் அடங்குறது?"

பெத்தணன் வரி நோட்டைப் புரட்டினார். மனிதர் கெட்டவர் இல்லை. சட்டத்தைத் தாண்டி யோசித்துப் பழக்கமில்லாதவர். "பய ஏதும் சம்பாதிச்சான்னா சொல்லு, அரை வரி போட்டுருவோம். நாளைக்குக் கூட்டத்துக்கு வா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வரி கட்டிய வீட்டுப் பெயர்களைப் பொங்கலன்று மைக்கில் வாசிப்பார்கள். கூப்பிட்டதும் போய்த் தேங்காய்முறியும் திருநீறும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் தெருவில் மாரிசாமி, அடுத்து முனியராஜ், அதற்கடுத்துக் கருப்பணன். வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அந்த வரிசையைக் கேட்டு வந்தவள் கருப்பம்மாள். ஐப்பசியில் மஞ்சள் காமாலை அவள் புருஷன் முனியராஜைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அவள் முன்னால் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'அவரு' என்கிறார்கள், 'போன மனுசன்' என்கிறார்கள். அவளும் புருஷன் பெயரை வாயால் சொல்லியறியாதவள். ரேஷன் கடையில் கேட்டால்கூட, எடுத்துச் சொல்லட்டும் என்று பக்கத்தில் நிற்பவர்களைத்தான் பார்ப்பாள். மைக்கிலாவது அந்தப் பெயரை ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்று கிடந்தாள். அரை வரி என்றாலும் 'முனியராஜ் மகன்' என்றுதானே கூப்பிடுவார்கள்!

அன்று சாயங்காலமே கோயம்புத்தூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டாள்.

"சம்பாதிக்கேன்னே சொல்லும்மா, பொய்யில்ல" என்றான் புகழேந்தி. "சனி ஞாயிறு ஒரு மெஸ்ஸுல பில் போடுதேன். என் செலவு அதுலயே ஓடிருது."

"எப்ப இருந்துய்யா?"

"அப்பா போனதுல இருந்து. நீ அனுப்புறத நான் தொடவே இல்ல, அப்படியே கெடக்கு. இனிமே அனுப்பாத. நான் ஒன்ன நம்பி இல்லம்மா, நீ ஒடம்பப் பாரு."

நல்ல பிள்ளை. ஊரில் எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்? கருப்பம்மாளுக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. விடியுமுன் எழுந்து, ஒரு ஆளுக்குச் சோறு பொங்கி, அதையே மதியத்துக்கும் கட்டிக்கொண்டு வேன் ஏறுகிறவள் அவள். திரி சொருகிச் சொருகி விரல் மரத்துப்போகும்போது, நம்மை நம்பி ஒருத்தன் படிக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். இப்போது அதுவும் இல்லை என்றால் அந்த வேன் யாருக்காக வருகிறது?

மறுநாள் கோயில் கூட்டத்துக்குப் போகும்போது சம்பாதிக்கிறான் என்று சொல்லத்தான் போனாள். முடிச்சை அவிழ்த்துக் கையில்கூட எடுத்துவிட்டாள்.

"என்னத்தா, பய சம்பாதிக்கானா?" என்று பெத்தணன் கேட்டார்.

கருப்பம்மாள் வாயைத் திறந்தாள்.

"இல்லண்ணே. படிக்கத்தான் செய்யுதான். என்னை நம்பித்தான் இருக்கான்."

"அப்ப ஒனக்கு வரி இல்ல, போ."

பொங்கலன்று ஊரே கோயில் வாசலில் கிடந்தது. கருப்பம்மாள் விளக்கைக்கூடப் போடாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். தெருமுனைக் கம்பத்து மைக் குழாய் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டது. "மாரிசாமி!" வராது என்று தெரிந்தே காதைத் தீட்டிக்கொண்டாள். "கருப்பணன்!" நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. தெருவில் அப்படி ஒரு வீடே இருந்ததில்லை என்பது போல வரிசை மேலே போய்விட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பெற்ற மகனை விடவும் முடியவில்லை, கட்டியவனைக் காப்பாற்றவும் முடியவில்லை.

அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"ம்மா, என் பேர வாசிச்சாகளா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வாசிச்சாகய்யா."

"எப்படி வாசிச்சாக? அப்பா பேரும் வந்துச்சா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

"முனியராஜ்" என்றாள். நாக்கு கூசியது. இன்னொரு தரம் சொன்னாள். "முனியராஜ் மகன் புகழேந்தின்னு, நல்லா சத்தமா வாசிச்சாகய்யா."



"நீ அப்பா பேரச் சொல்லி நான் கேட்டதே இல்லையேம்மா."

"நான் எங்கய்யா சொன்னேன்? மைக்குல சொன்னதத்தான சொல்லுதேன்" என்றாள் கருப்பம்மாள்.