துரைக்குக் கொடுத்த தண்ணீர்

டிவியில் தமிழ்ச் செய்தி வாசிக்க முக்கியமான தகுதி, கழுத்தை ஆட்டாமல் உட்காருவது. நான்கு வருடம் கோலாலம்பூரில் அதை ஒழுங்காகச் செய்தேன். யாரோ எழுதித் தந்ததை வாசித்து, கடைசியில் வணக்கம் சொல்வேன். மேசைக்குக் கீழே ஜப்பான் சிலிப்பர் போட்டிருப்பது நாட்டில் யாருக்கும் தெரியாது.

எண்பத்திரண்டில் எனக்குத் துப்புத் துலக்கும் ஆசை வந்தது. நான் பிறந்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், மழை பெய்தால் பைப்பில் செம்மண் தண்ணீர்தான் வரும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்பதே இல்லை. மேனேஜர் மட்டும் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் எங்கள் செய்தி ஆசிரியர் ராதாகிருஷ்ணனிடம் சொன்னேன்.

"படம் கொண்டாந்தா போடுறேன். இல்லன்னா பழையபடி வந்து கழுத்த ஆட்டாம உக்காரு, நவமணி," என்றார்.

தோட்டத்துக்குப் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நஃபீசா அக்காவுக்குப் போன் போட்டு, கேமராவோடு வருவதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னேன்.

முந்தின ராத்திரி நல்ல மழை. போய் இறங்கினால் லயம் முழுக்கத் தோரணம். வாசல் சாக்கடைக் கால்வாயைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் தீபாவளிச் சட்டையில். பைப்புக்குச் சாமந்தி மாலை. அதன் முன்னால் கல்யாணப் பட்டில் என் அம்மா ருக்குமணி.

"என்னம்மா கூத்து இது?"

"டிவில வரப்போறோம்ல? ஈப்போல ஒன் பெரியம்மா பாப்பாளே. அவ கண்ணு முன்னால சேத்துத் தண்ணிய காட்டணுமா?"

"அத எடுக்கத்தான் வந்திருக்கேன்."

"ஒனக்கு வேற நல்லதே கெடைக்கலயா? மலைய எடு, பூவ எடுலா."

கேமராமேன் ஈசா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பட்டுப்புடவை வந்து பைப்பை மறைத்தது. "அக்கா, இது நியூஸா கல்யாணமா? சொல்லிட்டா அதுக்கேத்த மாதிரி எடுத்துருவேன்," என்றான்.

பக்கத்து வீட்டு மாரியம்மாவிடம் மைக்கை நீட்டினேன். முதல் நாள்தான் மகனை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்திருந்தாள். "தண்ணியா? கண்ணாடி மாதிரி இருக்கும்," என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் துரை டை கட்டிக்கொண்டு வந்தார். தோரணத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கேட்காமலே மாலை போட்ட பைப்பின் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தார். "நம்ம எஸ்டேட் தண்ணிக்கு என்னா கொறச்சல்? கேட்டீங்களே, இவங்களே சொல்றாங்க."

அவ்வளவுதான் என் துப்பு. கழுத்தை விறைப்பாக வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் வேறு கவலை. "தொர நின்னுக்கிட்டே பேசுறாரு. ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டீங்களா?"

லயத்துக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட்டால் ஈப்போ வரை பேச்சாகிவிடும். மாரியம்மா கண்ணாடி அலமாரியிலிருந்து பூப்போட்ட கிளாஸை எடுத்துக்கொண்டு ஓடினாள். விருந்தாளிக்கென்று மேலே ஊற்றிலிருந்து சுமந்து வந்த நல்ல தண்ணீர் எல்லா டின்னிலும் காலி. அத்தனையையும் கால்வாய் கழுவ ஊற்றிவிட்டார்கள். அவள் மாலையை ஒதுக்கி, பைப்பைத் திறந்து பிடித்துக் கொடுத்தாள்.

துரை அதைக் கேமராவுக்கு நேராக உயர்த்தினார். "பாத்தீங்களா, இதான் நம்ம மலைத் தேயிலை. என்னா ஒரு கலரு."

தேயிலை விஷயத்தில் யார் தப்பாகச் சொன்னாலும் அம்மா விடமாட்டாள். "அது தேத்தண்ணி இல்ல தொர. தேத்தண்ணி இன்னும் அடுப்புல கெடக்கு. இது பைப்பு தண்ணி."

கிளாஸ் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"சும்மா குடிங்க தொர. எங்க புள்ளைங்க தெனைக்கும் குடிக்கிறதுதான்."

துரை குடிக்கவில்லை. கிளாஸை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. ஈசா மூச்சுவிடாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

அது கலரில் நாடு முழுக்கப் போனது. அடுத்த மாதமே தோட்டத்தில் வடிகட்டித் தொட்டி கட்ட ஆரம்பித்தார்கள். ராதாகிருஷ்ணன் என்னைப் பாராட்டவில்லை. அதே மலையில் கோலா தெர்லாவில் காய்கறி லோரிகள் செய்யும் அட்டகாசத்தைப் போய்ப் பார் என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு ரோஷம் வந்திருக்கும் என்று பயந்துகொண்டே நஃபீசா அக்கா கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"நம்ம தோட்டத்து மண்டபத்து டிவியும் ஒன் பெரியம்மா வீட்டு டிவியும் கறுப்பு வெள்ளைதானே," என்றாள் அம்மா. "கிளாஸுல தேத்தண்ணி மாதிரியேதான் இருந்துச்சு. மண்டபத்துல போட்ட சத்தத்துல நான் பேசுனதும் யாருக்கும் கேக்கல. மானம் தப்பிச்சுது. அடுத்த வாட்டி வர்றப்போ ஒரு வாரம் முன்னாலயே சொல்லுடி, பைப்புக்கும் பெயின்ட் அடிச்சிருவோம்."