ரோதமுனி வளைவில் இரண்டு நிமிடம்

உடப்புசல்லாவையில், பின்னால் சுமை ஏற்றும் அந்தப் பழைய கெப் வண்டியின் பொனட்டில் கையை வைத்ததுமே ஜீவராணிக்குச் சங்கதி விளங்கிவிட்டது. சூடாக இருந்தது. குறை தெரியாமலிருக்க, அவள் வருவதற்கு முன்பே வண்டியை ஓடவிட்டு வைத்திருக்கிறார் மனிதர்.

“ஒரே செல்ஃபுல பிடிக்கும்மா,” என்றார் வண்டியை விற்கும் லீக்ஸ் காய்கறித் தோட்டக்காரர் கந்தப்பன்.

“பிடிக்கட்டும் அண்ணே. மொதல்ல ஆறட்டும். நான் டீ குடிச்சிட்டு இருக்கேன்.”

இரண்டு டீயும் கந்தப்பனின் மருமகளைப் பற்றிய முழு வரலாறும் முடிந்து, எஞ்சின் சில்லிட்ட பிறகே சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை முக்கி, மூன்றாவதில் பிடித்தது. எண்ணெய் மூடியைத் திறந்தாள், புகை பொங்கவில்லை. மேட்டில் ஏற்றினாள், பின்னால் கரும்புகை, முன்னால் ஆமை வேகம். எஞ்சின் நல்ல எஞ்சின், மூச்சுதான் பத்தவில்லை என்று முடிவு கட்டினாள். தோட்டத்துத் துரையின் ஜீப்பை ஓட்டியவருடைய மகள் அவள். பதினாறு வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்த கை. வண்டி விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

வண்டி வாங்கியது ஊர்சுற்ற அல்ல. பூண்டுலோயாவுக்கு மேலே, அவள் இருக்கும் மேல்கணக்கு என்ற தோட்டப் பிரிவில் பதினேழு குடும்பங்கள், தோட்டம் தங்களுக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலைத் துண்டுகளில் கொழுந்து பறிக்கின்றன. மலையுச்சித் தொழிற்சாலை அதை வாங்கச் சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு. சோதனையாக ஏழு நாள், தினமும் நான்கு மணிக்குள் கொழுந்து தராசுக்கு வந்தாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் பேச்சு முறிந்தது. அப்புறம் அடிமாட்டு விலைக்கு அள்ளிப்போகும் தரகரிடம்தான் மறுபடி போய் நிற்க வேண்டும். “நான் கொண்டுபோய்ச் சேக்கிறேன்” என்று பதினேழு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள் ஜீவராணி.

“இந்தக் கெழட்டு வண்டி எண்ணூறு கிலோவோட அந்த ஏத்தம் ஏறுமா?” என்று கேட்டான் அவள் கணவன் செல்லசாமி.

“ஏறாதுங்க. ஏற வைப்பேன்.”

பூண்டுலோயா டவுனில் கராஜ் வைத்திருக்கும் லோஜன், ஒரு லொறியிலிருந்து கழற்றிய டர்போவை நான்கு நாளில் பொருத்திக் கொடுத்தான்.

“இந்த உசரத்துல காத்தே மெலிசுக்கா. டீசல் இருக்கு, எரிக்கக் காத்து இல்ல. வெளிய போற புகையிலயே இது சுத்தும், சுத்திக் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும்,” என்று நத்தைக் கூடு போலிருந்த அந்த இரும்பைத் தட்டிக் காட்டினான். “ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. ஏத்தம் ஏறினதும் டக்குனு ஆஃப் பண்ணிறாதீங்க. ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்க. இல்லாட்டி அந்தச் சூட்டுல எண்ணெய் கருகி டர்போ செத்துரும்.”

“எனக்கே வண்டிப் பாடமா தம்பி?” என்று சிரித்துவிட்டுப் போனாள். அங்கேதான் கொஞ்சம் அசந்துவிட்டாள்.

முதல் நாள் வண்டி ஏறிய ஏற்றத்தை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் நின்று சனம் பார்த்தது. மெல்லிய விசில் சத்தத்தோடு, மூன்றாம் கியரில், எண்ணூறு கிலோ கொழுந்தையும் செல்லசாமியையும் சுமந்துகொண்டு கெப் விறுவிறுவென்று ஏறியது. மூன்றரைக்கெல்லாம் தராசில் மூட்டை. ஜீவராணிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், அப்படியே.

நான்காம் நாள் விசில் கீச்சென்று மாறியது. நீலப்புகை. மூன்று ஐம்பத்தெட்டுக்கு வண்டி மூச்சிரைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் நுழைந்தபோது அவள் சட்டை நனைந்திருந்தது.

லோஜன் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, விரலில் ஒட்டிய கரித்தூளைக் காட்டினான். “ஏறினதும் ஆஃப் பண்ணியிருக்கீங்க.”

“சத்தியமா இல்ல! ஃபேக்டரி இஸ்டோருல ரெண்டு நிமிசம் விட்டுத்தான்...” பாதியில் நிறுத்தி, நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, முனி!”

ஏற்றம் முடியும் வளைவில், தொழிற்சாலைக்கு நூறு கெஜம் முன்னால் இருக்கிறது ரோதமுனி கோயில். ஆலையில் சுழலும் ரோதைக்கு, அதாவது இயந்திரச் சக்கரத்துக்கு, காவல் தெய்வம். அந்த வழியாகப் போகும் எந்த வண்டியும் அங்கே நின்று, எஞ்சினை அணைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் நகரும். அவள் அப்பா செய்தார். அவள் கையும் தானாகச் சாவிக்குப் போயிற்று. அதைப் போய் நிறுத்தியது என்று யாராவது கணக்கு வைப்பார்களா?

குழாயைச் சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றிக் கொடுத்த லோஜன் சொன்னான்: “தப்பிச்சிருச்சு. இன்னொரு தடவை தாங்காது.”

“அப்ப நிக்காமப் போயிரு,” என்று செல்லசாமி சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். முனியைக் கும்பிடாமல் போகும் கொழுந்தை அந்தப் பதினேழு வீட்டில் ஒரு வீடும் மூட்டை கட்டித் தராது. கும்பிடாமல் போக ஜீவராணிக்கும் மனம் வராது.

ஐந்தாம் நாள் வளைவில் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கிச் சூடப் பொட்டலத்தைப் பிரித்தாள். பூசாரி மாயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னா புள்ள இது? சாமி முன்னால வண்டி கத்திக்கிட்டு நிக்குது! மரியாத வேணாம்?” கதவுக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்தார்.

அவர் கைமேல் அவள் கை போய் விழுந்தது. பயமாகத்தான் இருந்தது. அந்தச் சாவியில் பதினேழு வீட்டுச் சோறு இருந்தது.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ரோதை சுத்துறப்ப காவல் நிக்குற சாமிதானே இது? சுத்துற ரோதையப் பாத்து அதுக்குக் கோவம் வருமா? இப்ப நிறுத்தினா உள்ள இருக்குற ரோதை கருகிரும். ரெண்டே ரெண்டு நிமிசம் ஓடட்டும்.”

மாயாண்டி முனியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். டர்போவின் விசில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சாவியிலிருந்து கையை எடுத்தார்.

“ரெண்டு நிமிசமா?”

“ஆமா மாமா.”

“அப்ப இந்தத் துணுக்கை வச்சுக்கிட்டு என்னா செய்யிற? முழுச் சூடம் ஏத்து. அது அணையிறப்ப நிறுத்து. சாமிக்கும் ஆச்சு, ஒன் வண்டிக்கும் ஆச்சு.”

சூடம் நின்று எரிந்தது. எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. சுடர் சுருங்கி அணைந்ததும் ஜீவராணி சாவியைத் திருப்பினாள். அந்த அமைதியில் மாயாண்டி பொனட்டில் மூன்று விரலால் திருநீறு பூசினார்.

ஏழாம் நாள் மூன்று நாற்பதுக்கு மூட்டைகள் தராசில் ஏறின. கணக்கெழுதும் தொழிற்சாலைக் கிளாக்கர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “திங்கக்கிழமையிலருந்து தினமும் கொண்டாங்க,” என்றார். ஜீவராணி வெளியே வந்து வண்டியின் பக்கத்தில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

திரும்பி வரும்போது வளைவில் ஒரு லொறி நின்றிருந்தது. மேலேறி வந்த டிரைவர் எஞ்சினை அணைக்கச் சாவியைத் திருப்பப் போனான்.

“ஏய், கைய எடு!” மாயாண்டியின் சத்தம் பள்ளத்து லயம் வரைக்கும் கேட்டது. “சூடம் அணையட்டும்!”