காலி நாற்காலி

அம்மாவின் சிரிப்புக்கு அண்ணன் போட்ட விலை ஒரு பட்டுப் புடவை. அதுவும் போன வருஷத்துச் சரக்கு.

எங்கள் துணிக்கடைக்கு ஐம்பதாவது ஆண்டு. கல்லாவுக்குப் பின்னால் அம்மாவின் இளவயதுப் படத்தைச் சுவரளவுக்கு மாட்டி, கீழே 'எங்கள் முதல் வாடிக்கையாளர்' என்று எழுதவேண்டுமாம். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு இப்படி யோசனை சொல்லும் உரிமையும் கடையோடு சேர்ந்து அண்ணனுக்கு வந்துவிட்டது. அம்மாவின் கட்டிலில் ஆல்பத்தை விரித்தான். கல்யாணமான புதிதில் எடுத்த படங்கள். பக்கத்துக்குப் பக்கம் புதுப் புடவை.

"பாரு தம்பி, மகாராணி மாதிரி வச்சிருந்திருக்காரு. நம்ம வீட்டுக்காரிங்க கண்ணுல பட்டா நம்ம கதை கந்தல்."

நானும் சிரித்தேன். ஆனால் துணிக்கடையில் வளர்ந்த கண், ஆளைப் பார்க்கும் முன் மடிப்பைத்தான் பார்க்கும். ஒரு புடவையிலும் சுருக்கமே இல்லை. ஒரு படத்திலும் அம்மா உட்காரவில்லை. அண்ணனை வயிற்றில் சுமந்து நிற்கும் படத்தில்கூட, பக்கத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"ஏம்மா, எல்லாத்துலயும் நிக்கிற?"

"உட்கார்ந்தா கசங்கிடாதா? மறுநாள் கடை அலமாரிக்குப் போகணுமேடா."

அண்ணன் விழித்தான்.

"கடை வாசல்ல மாட்டுறதுக்குத்தாண்டா படம். புடவை விக்கிறதுக்கு. விலைச்சீட்டை இடுப்புல சொருகிப்பேன். குத்தும். 'சிரி'ம்பாரு உங்கப்பா. முதல் வாடிக்கையாளராம்! ஒரு முழம் துணி வாங்கினவளா நானு?"

"ஒண்ணுகூடவா உனக்குத் தரல?" என்றேன்.

"மயில்கழுத்துக் கலரு ஒண்ணு கேட்டேன். 'அதான் கட்டிப் பார்த்தாச்சே'ன்னாரு. எதிர்வீட்டு டாக்டரம்மா வாங்கிட்டாங்க. அவங்க அதைக் கட்டிக்கிட்டுப் போறப்பல்லாம் ஜன்னலைச் சாத்திடுவேன்."

அண்ணன் தலை குனிந்தான். பிறகு வியாபாரி நிமிர்ந்தான்.

"அவ்வளவுதானே? நான் தர்றேன். படம் மாட்டச் சரின்னு சொல்லு."

"மயில்கழுத்து. எனக்கே எனக்கு. அப்படின்னா மாட்டிக்கோ."

வியாபாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் பேசிய முதல் பேரம் அது.

மறுநாள் கொண்டுவந்தான். அம்மா உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். நேராக நாற்காலிக்குப் போய், நன்றாகச் சாய்ந்து, சப்பென்று உட்கார்ந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஐயோ, எந்திரிம்மா!" அண்ணன் போனைத் தூக்கினான். "ஒரே ஒரு போட்டோ. பழசுக்குப் பக்கத்துலயே புதுசு மாட்டினா எடுப்பா இருக்கும். கசங்காம நில்லு. விலைச்சீட்டைப் பிச்சிடாத. இந்தக் கலர்ல கடையில வேற பீஸ் இல்ல, யாராவது கேட்டா காட்டணும். உனக்கு அடுத்த லோடுல எடுத்துத் தர்றேன்."

அம்மா எழுந்து நின்றாள். சிரித்தாள். பழைய படங்களில் இருந்த அதே சிரிப்பு. பிறகு உள்ளே போய், புடவையைக் கடை மடிப்பு மாறாமல் மடித்துக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

"உங்கப்பா உன்னை நல்லாத்தாண்டா பழக்கியிருக்காரு."

பாராட்டு என்று நினைத்து அண்ணன் தலையாட்டினான். இரண்டு படங்களும் இப்போது கல்லாவுக்குப் பின்னால் தொங்குகின்றன. அந்த வாரமே மயில்கழுத்து விற்றுப்போனது.

ஆல்பத்தில் பதினான்கு, அண்ணன் எடுத்தது ஒன்று. ஆகப் படம் பதினைந்து. கட்டிய புடவை பதினைந்து. அலமாரிக்குத் திரும்பியது பதினைந்து. அம்மா உட்கார்ந்தது ஒரு முறை. அதற்குப் படம் இல்லை.